இருபத்துமூன்றாவது வீடு

கவுன்சிலில் இருந்து அழைப்பு வந்தால் றெஜினோல்ட்டின் வாயில் "யெஸ்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் வராது. உன் வீட்டை நாளைக்கு இடிக்கப் போகிறோம் என்று சொன்னாலும் "யெஸ், யெஸ், தாங்க்யூ" என்றுதான் சொல்வான். விசாவுக்காக அதிகாரிகளின் முன்னால் கைகட்டி நின்ற காலம் போய்ப் பதினெட்டு வருடமாகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை. இவ்வளவு வினையும் அந்த ஒரு "யெஸ்" இல் தொடங்கியதுதான்.

"மே இருபத்துமூண்டு, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு ஒஃபிசர் வாறாவாம்," என்று ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கிய களைப்போடு வந்து சொன்னான். "பிள்ளையள் வீட்டில என்ன படிக்கினம் எண்டு பாக்க. நான் ஓம் எண்டிட்டன்."

அவன் மனைவி இசபெல் அடுப்பைக் குறைத்துவிட்டு, குசினி அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த நீளத் தாளை விரலால் தட்டிக் காட்டினாள்.

"இஞ்சேருங்கோ, இருபத்துமூண்டு ஆருக்குக் குடுத்திருக்கு எண்டு பாத்தனீங்களோ?"

"ஆருக்கு?"

"மாதாவுக்கு!"

மே மாதம் மாதாவின் வணக்கமாதம். லண்டனின் ஹவுன்ஸ்லோவிலும் அதைச் சுற்றியும் உள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் முப்பத்தொரு நாளும் மாதாவின் சுரூபத்தை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செபமாலை சொல்லிக்கொண்டு கொண்டுபோவார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. வீட்டுக்காரர் கடலை அவித்து, பால் விடாத பிளேன்ரீ போட்டு, முப்பது நாற்பது சப்பாத்துகளுக்கு வாசலில் இடம் ஒதுக்க வேண்டும். இருபத்துமூன்றாவது வீடு இசபெல்லின் வீடு. மாலை ஆறு மணிக்கு மாதா, நாலு மணிக்குக் கவுன்சில். அதற்கு இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை சின்னவள் மேனுஷா முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை; வெள்ளைச் சட்டைக்கு இன்னும் கை வைத்தாகவில்லை. மாதம் முடிய மாதாவுக்கு முடி சூட்டுவதோடு இந்த வீட்டின் படிப்பு வருடமும் முடியும். அதற்குள் பெரியவளுக்குப் பின்னக் கணக்கில் ஒரு பரீட்சை வேறு. அந்த வசந்தத்தில் இசபெல்லுக்கு மூச்சு விட நேரமில்லை. மரங்கள் பூத்ததை அவள் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலால்தான்.

"வேண்டாமெண்டு சொல்லட்டோ?" என்றான் றெஜினோல்ட். "கடிதத்தில எழுதி அனுப்பினாலும் போதுமாம்."

"வரட்டும்," என்றாள் இசபெல். "எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

இதைச் சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு தூக்கம் வரவில்லை. முன்னமே வந்திருந்த கவுன்சில் கடிதத்தின் கடைசிப் பந்தி அவளுக்கு மனப்பாடம். படிப்புப் போதாது என்று கண்டால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணை போடலாம் என்று அதில் இருந்தது. அப்படியொன்று வந்தால் செப்டெம்பரில் பெரியவள் ஜெனோஜா மறுபடியும் அந்த முப்பது பேர் வகுப்புக்குள் போய்க் குந்த வேண்டும்.

ஜெனோஜாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஒன்பது வயது வரைக்கும் அவளும் எல்லாரையும் போலப் பள்ளிக்கூடம் போனவள்தான். நல்ல பள்ளிக்கூடம். அங்கே கெட்டவர்கள் என்று ஒருவரும் இல்லை. மூன்று வருட ரிப்போர்ட்டிலும் ஒரே வசனம்: "ஜெனோஜா அமைதியான பிள்ளை; வகுப்பில் ஒரு தொந்தரவும் இல்லை." இதை வாசித்து இசபெல்லும் றெஜினோல்ட்டும் பூரித்துப் போனார்கள். வெட்கக்கேடு, அந்தத் தாள்களைச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டவும் செய்தார்கள்! பிறகு ஒருநாள் பஸ் தரிப்பில், "மணி என்ன பாரம்மா" என்று இசபெல் கேட்டபோது, பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தது, தாயைப் பார்த்தது, தலையைக் குனிந்தது. மணி பார்க்கத் தெரியாது. பிறகு துருவிப் பார்த்தால் வகுத்தலும் தெரியாது. தெரியாது என்று வாய் திறந்து சொல்லவும் தெரியாது. சத்தம் போடாத பிள்ளையை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? பெற்ற தாயே பார்க்கவில்லை என்பதுதான் இசபெல்லைக் கொன்றது.

அடுத்த தவணைக்கு அவள் விமான நிலையக் கடை வேலையை விட்டாள். பிள்ளைகள் இரண்டையும் வீட்டுக்கு எடுத்தாள். காலையில் செபம், பிறகு கணக்கு, மத்தியானத்தில் திரிகாலச் செபம், பிறகு வாசிப்பு. சாமியையும் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க அவள் ஆசைப்பட்டாள். அதற்கு அவள் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

ஆனால் சொந்தக்காரர் சும்மா இருப்பார்களா? றெஜினோல்ட்டின் தமக்கை சுசிலா வால்தம்ஸ்டோவில் இருந்துகொண்டு கிழமைக்கு இரண்டு முறை இதற்கென்றே போன் எடுப்பாள். அவளுடைய மகன் துஷாந்தன் ஏழு வயதிலிருந்து டியூசனுக்குப் போய், பதினொரு வயதுப் பரீட்சையில் முதலாவதாக வந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

"கண்டறியாத வீட்டுப் படிப்பு!" என்பாள். "உனக்கு என்ன விசரே இசபெல்? நீ என்ன டீச்சரோ?"

"இல்லை மச்சாள். தாய்."

ஒஃபிசர் வரும் செய்தி கேட்டதும் சுசிலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"முதல்ல அந்த இருதயாண்டவர் படத்தைக் கழட்டு. பீடத்தை மூடு. வெள்ளைக்காரி கண்டால், இதுகள் பிள்ளையளை வைச்சு நாள் முழுக்கச் செபம் சொல்லுதுகள் எண்டு எழுதிப்போடுவா. ஒரு வெள்ளைப் பலகை வாங்கு. ஒரு உலக உருண்டை வை. விசாவுக்கு ஹோம் ஒஃபிஸ்காரன் வீடு பாக்க வந்தபோது நாங்கள் எப்பிடி வைச்சிருந்தனாங்கள், நினைவில்லையோ?"

"அப்ப பயந்து ஒளிச்சனாங்கள். இப்ப எனக்கு ஆரிட்டையும் பயமில்லை. படம் இருந்த இடத்தில இருக்கும்."

"திமிர்! சரியான திமிர் உனக்கு!"

"ஓம் மச்சாள்," என்று சொல்லிப் போனை வைத்தாள் இசபெல்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனுஷாவுக்குப் பாவசங்கீர்த்தனமும் முதல் நன்மைக்கான ஒத்திகையும் இருந்தன. இசபெல் மேசை முழுக்கப் பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நாலு மணிக்கு ஐந்து நிமிடமே இருந்தது. தன் வீடுதானா என்று ஒரு கணம் திகைத்துப் போனாள்.

முன் அறையில் புது வெள்ளைப் பலகை. ஜன்னலடியில் உலக உருண்டை. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. பீடத்தின் மேல் ஒரு மேசைவிரிப்பு. இருதயாண்டவராகிய இயேசுவின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஜன்னலில் மேனுஷா முளைக்கப் போட்டிருந்த பயறு இல்லை. மேசையில் அவள் அடுக்கிய கொப்பி ஒன்றுமில்லை. அந்த இடத்தில் தடித்த பயிற்சிப் புத்தகங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புச் சரிகளோடு. நடுவில் சுசிலா, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நத்தாருக்குப் பீடத்தில் பூ வைக்கக் கொடுத்த வீட்டுக் கதவுத் திறப்பை இசபெல் திருப்பி வாங்காமல் விட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எப்பிடி?" என்றாள் சுசிலா. "துஷாந்தன்ர பழைய டியூசன் புத்தகங்கள். எல்லாம் தொண்ணூறுக்கு மேல. முன் மட்டையில பேருக்கு மேல வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டியாச்சு. படம் மேல கட்டிலுக்கடியில பத்திரமாக் கிடக்கு."

"என்ர பிள்ளையளின்ர கொப்பியள் எங்க?"

"அந்தக் குப்பையையோ? கறுப்புப் பையில கட்டித் துஷாந்தன்ர காரில விட்டிட்டன். அவன் வால்தம்ஸ்டோவுக்குப் போயிட்டான்."

இசபெல்லுக்கு ஏச்சு நாக்கின் நுனி வரை வந்தது. அதற்குள் வாசல் மணி அடித்தது.

ஒஃபிசரின் பெயர் மிஸ் பெனட். ஐம்பது வயதிருக்கும், மழையில் நனைந்த கோட்டை அவரே கழற்றிப் படிக் கைப்பிடியில் போட்டுவிட்டு, சப்பாத்தையும் கழற்றினார். முகத்தில் கடுமை இல்லை. கையில் ஒரு படிவமும் பேனையும். சுசிலா அவருக்கு மட்டும் கேட்கும்படி, "வெரி குட் ஸ்டூடன்ட், மேடம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் நழுவினாள்.

மிஸ் பெனட் கதிரையில் அமர்ந்து, மேலே கிடந்த புத்தகத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் சரி. பையனின் சாய்ந்த கையெழுத்து.

"அருமையாக இருக்கிறதே," என்றார் ஆங்கிலத்தில். "ஜெனோஜா, இதெல்லாம் நீ செய்ததா?"

ஜெனோஜா புத்தகத்தைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

பஸ் தரிப்பில் பார்த்த அதே முகம். மூன்று வருடமாக இந்த வீட்டில் காணாத முகம். பிள்ளை இப்போது "யெஸ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வந்தவர் எழுதிக்கொண்டு போய்விடுவார், ஆணையும் வராது, ஒன்றும் வராது. ஆனால் அந்த "யெஸ்" ஐச் சொல்ல வைக்கவா இசபெல் பிள்ளையை வீட்டுக்கு எடுத்தாள்? அந்த "யெஸ்" ஒரு தலைமுறைக்குப் போதும், அது தகப்பனோடு முடியட்டும்!

"இல்லை," என்றாள் இசபெல். அவளுடைய ஆங்கிலம் கடைக்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம். இலக்கணம் இருக்கவில்லை, நடுக்கமும் இருக்கவில்லை. "இது என் மகளுடையது இல்லை. இது அவளுடைய மாமியின் மகனுடையது. பெயருக்கு மேல் ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறது, கிழித்துப் பாருங்கள். இந்தப் பலகை இன்றைக்கு வந்தது. இந்த உருண்டையும் இன்றைக்கு வந்தது. நாங்கள் இப்படி வாழ்கிறவர்கள் இல்லை."

குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது.

இசபெல் அதோடு விடவில்லை. விறுவிறுவென்று படியேறி, கட்டிலுக்கடியில் கிடந்த இருதயாண்டவர் படத்தை எடுத்து வந்து, ஒஃபிசரின் தலைக்கு மேலாக எட்டி ஆணியில் மாட்டினாள். பீடத்தின் மேல் கிடந்த விரிப்பையும் உருவி எடுத்தாள்.

"இப்போது எழுதுங்கள்," என்றாள்.

மிஸ் பெனட் பேனையை மூடினார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஜெனோஜாவின் வேலை ஏதாவது நான் பார்க்க வேண்டுமே. ஒன்றும் பார்க்காமல் நான் என்னத்தை எழுதுவது? அவளுடைய கொப்பிகள் எங்கே?"

"வால்தம்ஸ்டோவில்."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று இசபெல்லுக்கு விளங்கியது. லண்டனின் மறுகரை. இந்த நேரத்து வாகன நெரிசலில் போய்வர மூன்று மணித்தியாலம். மிஸ் பெனட் மணிக்கூட்டைப் பார்த்தார். அவ்வளவுதானா? இவ்வளவு வீறாப்பும் பேசிக் கடைசியில் வெறுங்கையோடு நிற்பதா? மாதாவே, ஒரு தாள் மிஞ்சவில்லையா?

ஒரு தாள் மிஞ்சியிருந்தது.

"குசினிக்குள் வாருங்கள்," என்றாள் இசபெல்.

சுசிலா அலுமாரிக் கதவுக்கு முன்னால் போனும் கையுமாக நின்றாள். இவர்களைக் கண்டதும் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்தத் தாளை அவள் ஏன் கிழித்தெறியாமல் விட்டாள் என்று இசபெல் அப்போது யோசிக்கவில்லை. முப்பத்தொரு வீட்டின் போன் நம்பரும் அதில்தானே இருந்தது.

அது மிஞ்சிய சுவர்த்தாளின் பின்பக்கம். ஒரு ஆள் உயரம் இருக்கும். போன வருடம் மாதாவின் நாள்களைப் பெரியவர்கள் கூடிப் பிரித்தார்கள். எனக்குச் சனிக்கிழமைதான் வேண்டும், உனக்கு ஏன் ஞாயிறு என்று சண்டை. முடிவில் மாதா ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்து, ஒரு வீட்டுக்கும் போகாமல், யாரோ ஒருவருடைய காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டபடி விடிய விடிய இருந்தார். இந்த மாசியில் ஜெனோஜா தானாகவே, "நான் செய்யிறன் அம்மா," என்று சொன்னாள். முப்பத்தொரு வீட்டுக்கும் அவளே போன் எடுத்தாள். யார் எத்தனை மணிக்கு வேலையால் வருவார்கள், யாரிடம் கார் இருக்கிறது, யார் வீட்டில் படி ஏற முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினாள். வீட்டுக்கு வீடு தூரம் அளந்தாள். கார் இல்லாதவர்களுக்குப் பஸ் நம்பரும், அது புறப்படும் நேரமும், மழை நாளுக்கென்று பத்து நிமிடமும் சேர்த்துப் போட்டாள். மூன்று முறை அழித்து, நாலாவது முறை பேனையால் எழுதினாள்.

மிஸ் பெனட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது என்ன, ஜெனோஜா?"

ஜெனோஜா தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்துமூன்றாம் வரியின் குறுக்கே நீலப் பேனையால் ஒரு கோடு. பக்கத்தில் சுசிலாவின் கையெழுத்து: "மாதா வேண்டாம்."

"ஆர் இதை வெட்டினது?" என்று கேட்டாள் ஜெனோஜா.

சுசிலா கேத்தில் பக்கம் திரும்பினாள்.

"ஆர் இதை வெட்டினது எண்டு கேக்கிறன்!"

"நான்தான் பிள்ளை," என்றாள் சுசிலா, குரலைத் தாழ்த்தி. "ஒஃபிசர் இருக்கேக்க சனம் செபமாலையோட வந்து நிண்டால் என்ன நினைப்பா? ராஜலட்சுமிக்குப் போன் எடுத்து, இண்டைக்கு இஞ்ச கொண்டு வர வேண்டாம், நேர அடுத்த வீட்டுக்குக் கொண்டு போங்கோ எண்டு சொல்லிப்போட்டன். உங்கட நன்மைக்குத்தானே..."

"அடுத்த வீடு துசியந்தி அன்ரி!" ஜெனோஜாவின் குரல் குசினிக் கண்ணாடியில் மோதியது. "அவா ஹொஸ்பிட்டல்ல நேர்ஸ். இண்டைக்கு அவாவுக்கு லோங் டே. எட்டரைக்குத்தான் வீட்டை வருவா. ஆறு மணிக்கு முப்பது பேரும் மாதாவைத் தூக்கிக்கொண்டு மழைக்குள்ள றோட்டில நிக்கிறதோ? அதுக்குள்ள ரெண்டு பேருக்கு முழங்கால் ஏலாது. நாளைக்கு அவாவுக்கு லீவு, அதாலதான் நாளைக்குப் போட்டனான். ஒரு வீட்டை எடுத்தால் பின்னால இருக்கிற எட்டு வீடும் பிழையாப் போகும்! கேக்காமல் ஏன் மாமி தொட்டனீங்கள்?"

பிறகு ஒஃபிசரின் பக்கம் திரும்பி, அதே கோபத்தோடு, அதே வேகத்தில், ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னாள். விரலை வைத்து வரி வரியாகக் காட்டினாள். மிஸ் பெனட் இடையில் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றில் ஜெனோஜா, "இல்லை, நீங்கள் சொல்வது பிழை, அந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலத்துக்கு ஒன்றுதான்," என்று திருத்தினாள். மேனுஷா தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது. சுசிலாவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்திருக்கும்.

இசபெல் போனை எடுத்தாள். நேற்று மாதா வந்து தங்கிய வீடு ராஜலட்சுமியுடையது. ராஜலட்சுமி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குத் தவறாமல் போகிற சைவக்காரி. ஆனால் வருடா வருடம் மே மாதத்தில் ஒருநாள் மாதா தன் வீட்டுக்கும் வரவேண்டும் என்று அடம்பிடித்து வாங்குகிறவள்.

"அக்கா, மாதா எங்க?"

"என்ர சாமி அறையிலதான். ஆரோ ஒரு பொம்பிளை போன் எடுத்து, உன்ர வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம் எண்டவ. உன்ர மகள் எழுதித் தந்த துண்டில உன்ர வீடு எண்டு கிடக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, நான் இன்னும் மாதாவை அசைக்கேல்லை."

"துண்டில இருக்கிறபடி செய்யுங்கோ அக்கா. ஆறு மணிக்கு. பாட்டோட வாங்கோ. நல்லாச் சத்தமாப் பாடிக்கொண்டு வாங்கோ."

மிஸ் பெனட் திரும்ப முன் அறைக்கு வந்து படிவத்தை மடியில் வைத்தார். நிறைய எழுதினார். பிறகு நிமிர்ந்து ஜெனோஜாவைப் பார்த்தார்.

"ஒரு கேள்வி நான் கேட்டே ஆக வேண்டும். செப்டெம்பரில் பள்ளிக்கூடத்துக்குப் போக உனக்கு விருப்பமா?"

மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை இசபெல் ஒருநாளும் பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம். அதுதான் உண்மை. கவுன்சிலுக்குப் பயமில்லை, மச்சாளுக்குப் பயமில்லை என்று சொன்னவளுக்கு இந்தப் பன்னிரண்டு வயதின் வாய்க்குப் பயமாக இருந்தது.

"எனக்கு இன்னும் தெரியாது," என்றாள் ஜெனோஜா. "தெரிந்ததும் நானே சொல்வேன். எனக்காக மாமி சொல்ல வேண்டாம்." தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மாவும் சொல்ல வேண்டாம்."

இசபெல்லுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்திலேயே ஒரு சந்தோசமும் வந்தது. தெரியாது என்று சொல்லத் தெரியாமல் தலை குனிந்த பிள்ளை அல்லவா இது!

"நல்லது," என்றார் மிஸ் பெனட். "அம்மா, ஆணைக்கு நான் எழுதப் போவதில்லை. அந்தக் கொப்பிகள் வந்ததும் படம் எடுத்து அனுப்பி வையுங்கள். கடைசியில் ஒரு பெட்டி இருக்கிறது. பிள்ளையின் இயல்பைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும்."

"என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்," என்றாள் இசபெல். "வாய்க்காரி என்று எழுதுங்கள், கோபக்காரி என்று எழுதுங்கள். அமைதியான பிள்ளை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வசனத்தை நாங்கள் மூன்று வருடம் சுவரில் மாட்டி வைத்திருந்தோம்."

மிஸ் பெனட் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதினார். என்ன எழுதினார் என்று இசபெல் கேட்கவில்லை.

அவர் போனபோது ஐந்தரை. கடலை தாளிக்கவில்லை, பூ வைக்கவில்லை, வாசல் கூட்டவில்லை. சுசிலா ஒரு மூலையில் ஸ்ரிக்கர் ஒட்டிய புத்தகங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"நான் போயிட்டு வாறன் இசபெல்."

"எங்க போறீங்கள்? முப்பது பேருக்கு ஆர் பிளேன்ரீ ஊத்துறது? போய்க் கேத்திலைப் போடுங்கோ மச்சாள். திறப்பை மட்டும் மேசையில வைச்சிட்டுப் போடுங்கோ."

சுசிலா திறப்பை மேசையில் வைத்தாள். கேத்திலையும் போட்டாள்.

ஜெனோஜா அலுமாரிக் கதவடியில் முழங்காலில் நின்று, நீலக் கோட்டின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, இருபத்துமூன்றாம் வரியைப் பேனையால் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பாட்டு எழுந்தது. ராஜலட்சுமியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே, சுருதி இல்லாமல், கம்பீரமாக வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டு ஜன்னல்கள் திறந்தன. இசபெல் வாசல் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் நீக்கி, கதவைச் சுவரோடு ஒட்டத் திறந்துவிட்டு நின்றாள்.

பின்னாலிருந்து ஜெனோஜாவின் குரல் கேட்டது.

"அம்மா, ஆறு மணி எண்டு போட்டனான். இப்ப ஆறு நாலு." சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாலு நிமிசம் பிந்திட்டினம். நான் அவையளோட கதைக்க வேணும்."